எரிந்தது ஒரு மாடி, அலறியது ஐந்து மாடி

ஐந்து மாடி மருத்துவமனை ஒன்றின் தீ எச்சரிக்கை பேனலைப் பராமரிக்கிறேன். கீழ்த்தளக் கேன்டீனில் தாளிப்புப் புகை எழுந்தாலே எல்லா மாடி ஹூட்டரும் அலறும். அறுவை முடிந்து படுத்திருப்பவர்கள் பதறி எழுந்து உட்காருவார்கள். பார்க்கவே மனசு கேட்கவில்லை.

சரி, மாடிவாரியாகப் பிரிக்கலாம் என்று புரோகிராமை மாற்றினேன். தீப்பிடித்த மாடிக்கும் அதற்கு மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் தொடர் ஒலி. மற்ற மாடிகளுக்கு விட்டுவிட்டு ஒலி. சோதித்தால் பழையபடியே எல்லாம் தொடர்ந்து அலறின. இரண்டு மணி நேரம் தேடிய பிறகுதான் பிடிபட்டது: ஹூட்டரைப் பேனலோடு இணைக்கும் ஒவ்வொரு மாட்யூலும் நான் கொடுத்த மாடிக் குழுவோடு, எங்கே அலாரம் வந்தாலும் ஒலிக்கிற பொது அலாரக் குழுவிலும் இருந்தது. புது மாட்யூல் சேர்த்தாலே பேனல் தானாக அப்படிப் போட்டுவிடும். ஒவ்வொன்றாக நீக்கினேன்.

அப்புறம் புகையை உணரும் டிடெக்டர் ஒவ்வொன்றுக்கும் புகை ஸ்பிரே அடித்துப் பார்த்தேன். மூன்றாம் மாடிப் படிக்கட்டில் அடித்தால் முதல் மாடி ஒலித்தது. கழற்றிப் பார்த்தால், அது எந்த டிடெக்டர் என்று பேனலுக்குச் சொல்லும் எண்ணை வைக்கிற முகவரித் திருகில் 47க்குப் பதில் 74. பேனல் திரையை மட்டும் நம்பியிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

கையால் அழுத்தும் சிவப்புப் பெட்டிகளை மட்டும் பிரிக்கவில்லை. ஒருவர் கண்ணால் பார்த்து அழுத்துகிறார் என்றால் கட்டடம் முழுக்கக் கேட்க வேண்டும்.