பட்டர் ஃப்ரூட் விதையைச் செடியாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிர்வீட்டு மருமகள் ஒரு பீங்கான் தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்து எங்கள் வாசல்படியில் வைத்தாள். உள்ளே முழ உயரத்தில் ஒரு பட்டர் ஃப்ரூட் செடி. இலையெல்லாம் தொங்கிக் கிடந்தது. "காலையிலயும் சாயங்காலமும் தண்ணி ஊத்துறேன்க்கா, அப்படியும் வாடுது" என்றாள். 8 வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆடி, ஆவணியில் தாண்டிக்குடி, கொடைக்கானல் பக்கமிருந்து பழம் மதுரைக்கு இறங்கும். ஜூஸ் அடித்துக் குடித்த கையோடு பல பேர் விதையில் குச்சி குத்தித் தம்ளர் மேல் உட்கார வைக்கிறார்கள். இலங்கைக்காரர்கள் ஆனைக்கொய்யா என்று சொல்வார்களே, அதே பழம்தான். விதையின் தட்டையான பக்கம் கீழே, கூர்முனை மேலே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன். செடியைக் கொல்கிற தவறுகள் வேறு.

விதையைக் காய வைப்பது

அவரை, வெண்டை விதையைக் காய வைத்து எடுத்து வைக்கிற பழக்கம் நமக்கு உண்டு. இந்த விதை அந்த வகை இல்லை. மாங்கொட்டை, பலாக்கொட்டை மாதிரி உள்ளே ஈரம் இருக்கும்வரைதான் உயிர். ஜன்னலோரம் ஒரு வாரம் கிடந்து சுருங்கிய விதையை எத்தனை நாள் தண்ணீரில் வைத்தாலும் பெரும்பாலும் முளைக்காது, அழுகத்தான் செய்யும். பழம் தின்ற அன்றோ மறுநாளோ கழுவி வைத்துவிடுங்கள்.

தம்ளரிலேயே வளர்ப்பது

விதை பிளந்து வேர் விட 3 வாரமும் ஆகலாம், 2 மாதமும் ஆகலாம். அதுவரை தண்ணீரில் இருப்பதில் தப்பில்லை. ஆனால் வேரும் தண்டும் வந்த பிறகும் அழகாக இருக்கிறதே என்று கண்ணாடித் தம்ளரிலேயே மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். விதைக்குள் இருக்கிற சாப்பாடு தீர்ந்ததும் இலை வெளிறத் தொடங்கும். தண்டு ஒரு சாண் வந்ததுமே மண்ணுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது விதையின் பாதி மண்ணுக்கு மேலே தெரியட்டும். இன்னொன்று, தேங்கி நிற்கிற நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டை இடுகிறது. 3 நாளைக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டித் தம்ளரைத் தேய்த்துக் கழுவுங்கள். நான் இப்போதெல்லாம் தம்ளர் வைப்பதே இல்லை. நேரே ஈர மண்ணில் ஊன்றிவிடுகிறேன்.

வாடிய செடிக்கு இன்னும் தண்ணீர் ஊற்றுவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

என்னுடைய இரண்டாவது செடி ஒன்றரை வருடத்தில் இடுப்பு உயரம் வந்திருந்தது. மண்தொட்டியில் நன்றாக இருந்தது. கொலுவுக்கு ஆட்கள் வருவார்கள், கூடத்தில் பளபளப்பாக இருக்கட்டும் என்று வெள்ளைப் பீங்கான் தொட்டி ஒன்று வாங்கி அதில் மாற்றினேன். அடியில் ஓட்டை இல்லை. கடைக்காரர், "கீழ கொஞ்சம் கூழாங்கல் போட்டுக்குங்க, தண்ணி அதுல தங்கிக்கும்" என்றார். நம்பினேன்.

கொலு முடிந்து 10 நாளில் இலை தொங்கியது. தாகம் என்று நினைத்து ஒரு சொம்பு ஊற்றினேன். மறுநாள் இன்னும் தொங்கியது, இன்னொரு சொம்பு. கடைசியில் பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுப்பாக இருந்தது. விரலால் இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று வந்து, உள்ளே நூல் மட்டும் நின்றது. சாக்கடை நாற்றம். நல்ல வேர் வெண்ணெய் நிறத்தில் இருக்கும், ஒடித்தால் சட்டென்று ஒடியும். அந்தச் செடியில் அப்படி ஒரு வேர்கூட மிச்சமில்லை. தண்ணீர் ஊற்றாமல் மறந்திருந்தால்கூடப் பிழைத்திருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

நடப்பது இதுதான். இந்த மரத்தின் வேர் மேலாகவே பரவுவது, அதில் வேர்த்தூவி, அதாவது தண்ணீரை உறிஞ்சுகிற மயிரிழை, மிகவும் குறைவு. மண்ணின் இடுக்குகளில் காற்று இருந்தால்தான் வேலை செய்யும். தண்ணீர் தேங்கினால் அந்தக் காற்று போய்விடும், வேர் மூச்சுத் திணறும். பைட்டாப்தோரா என்கிற கிருமிக்கு அந்த ஈரம்தான் தோது. அதன் வித்துகள் தண்ணீரில் நீந்தி வேருக்குப் போகக்கூடியவை. உலகம் முழுக்கப் பட்டர் ஃப்ரூட் தோட்டங்களை அழிக்கிற வேரழுகல் இதே கிருமியால் வருவதுதான். வேர் அழுகினால் தண்ணீரை உறிஞ்ச ஆளில்லை. சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போதே இலை தாகத்தில் வாடும். பார்க்கிற நமக்கு இரண்டும் ஒரே வாட்டமாகத்தான் தெரியும்.

அதனால் சொம்பை எடுப்பதற்கு முன்னால் விரலை எடுங்கள். இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. சின்னத் தொட்டி என்றால் தூக்கிப் பாருங்கள். காய்ந்த தொட்டி லேசாக இருக்கும், நாலு நாளில் கைக்குப் பழகிவிடும். தாகத்தில் வாடிய செடி, தண்ணீர் ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். ஊற்றியும் நிமிராவிட்டால் மறுபடி ஊற்றாதீர்கள்.

கூழாங்கல் விஷயமும் தப்பு. மேலே இருக்கிற மண் முழுக்க ஊறி நிறைந்த பிறகுதான் தண்ணீர் கல்லுக்கே இறங்கும். ஆக, ஊறிய மண் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்ததுதான் மிச்சம். ஓட்டை ஒன்றே வழி. சாண் செடிக்கு இரண்டடித் தொட்டி வைப்பதும் இதே கதைதான். வேர் எட்டாத இடத்து மண் காயவே காயாது. வெறும் கோகோபீட்டில், அதாவது தேங்காய் நார்த்தூளில் வைத்தால் மேலே காய்ந்த மாதிரி தெரியும், அடியில் சொதசொதவென்று இருக்கும். நான் செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, கோகோபீட்டும் மக்கிய உரமும் அரை அரைப் பங்கு என்று கலக்கிறேன்.

எதிர்வீட்டுச் செடியைப் பிடுங்கியபோது வேரில் பாதி கறுத்திருந்தது, பாதி வெளுப்பாக இருந்தது. கறுத்ததைக் கத்தரித்துவிட்டு, இருக்கிற வேர் தாங்க வேண்டுமே என்று மேலேயும் மூன்றில் ஒரு பங்கு இலையைக் குறைத்து, ஓட்டையுள்ள மண்தொட்டியில் புது மண் போட்டு நட்டோம். அந்தப் பீங்கான் தொட்டியில் இப்போது குடை வைத்திருக்கிறாள்.

நுனி கருகினால் உரம் வைப்பது

இலை நுனியும் ஓரமும் மட்டும் பழுப்பாகக் கருகினால் அது சத்துக் குறைவு இல்லை, பெரும்பாலும் உப்பு. பட்டர் ஃப்ரூட் உப்பைத் தாங்காது. போர் தண்ணீரில் இருக்கிற குளோரைடு இலைக்குப் போய் நுனியில் சேர்கிறது. அதற்கு மேல் உரம் போட்டால் இன்னும் உப்பு. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று இதற்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. குழாய்த் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம், வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றினால் புது இலை சுத்தமாக வரும். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் உப்பில்லாதது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை அடி ஓட்டை வழியாக ஓடும்வரை ஊற்றி, மண்ணில் சேர்ந்த உப்பைக் கழுவி விடுங்கள். கருகிய நுனி மறுபடி பச்சையாகாது, புது இலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கிள்ள மனம் வராமல் விடுவது

விட்டால் ஒற்றைக் குச்சியாக உயர்ந்து, உச்சியில் மட்டும் நாலு இலையோடு சாயும். ஒன்றரைச் சாண் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள்.

கூடத்திலிருந்து நேரே மொட்டைமாடிக்கு

ஒரே நாளில் இலை வெந்துவிடும். 10 நாள் எடுத்துக்கொண்டு காலை வெயிலில் பழக்குங்கள்.

பழத்துக்காக வளர்ப்பது

விதைச் செடி தரையில் நட்டாலே காய்க்கப் பல வருடம் ஆகும், தாய்ப் பழம் மாதிரியே காய்க்கும் என்பதும் இல்லை. பழம் வேண்டுமென்றால் ஒட்டுக்கன்று வாங்குங்கள்.

லவ் பேர்ட்ஸ் கூண்டுக்குப் பக்கத்தில் வைப்பது

கூடாது. இந்த இலையில் இருக்கிற பெர்சின் பறவைகளுக்கு விஷம். ஆடு, முயலுக்கும் போடாதீர்கள்.

நட்டதைத் தோண்டிப் பார்ப்பது

முளைத்ததா, வேர் பிடித்ததா என்று இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறினால் புது வேர்தான் அறும். எதிர்வீட்டுச் செடி 23-ஆம் நாள்தான் சிவந்த குருத்து ஒன்றைக் காட்டியது. அதுவரை அவள் தினமும் விரலை மட்டும் மண்ணில் விட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். அந்த 23 நாளில் ஊற்றியது 4 தடவை.