மீன் கழுவிய அண்டாவை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

தண்டையார்பேட்டையில் மொட்டைமாடி ட்யூஷன் எடுக்கிறேன். பெயரெச்சத்தை, அதாவது 'இழுக்கிற', 'கழுவிய' மாதிரி பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து அதை விளக்கும் சொல்லை, ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது பிள்ளைகள் தடுக்குகிற இடத்தில்தான் நானும் பல வருஷம் தடுக்கினேன். எழுவாய், பயனிலை தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

ஆங்கிலத்தில் முதலில் பெயர்ச்சொல்லை எழுதுங்கள், விளக்கம் அப்புறம். 'வலை இழுக்கிற ஆள்' என்பது 'த மேன் ஹூ இஸ் புல்லிங் த நெட்'. ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச், இரண்டுக்கும் தட். 'ஹூ இஸ்' இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சும் 'புல்லிங் த நெட்' தான் பார்ட்டிசிபிள் ஃப்ரேஸ்.

சிக்கல் இனிமேல்தான். காசிமேட்டில் மீன் கழுவிய அக்கா, அக்கா கழுவிய மீன், மீன் கழுவிய அண்டா. மூன்றுக்கும் நமக்கு ஒரே 'கழுவிய' போதும். யார் செய்தார், எது பட்டது, எதில் நடந்தது என்று நாமே பிரித்துக்கொள்கிறோம். ஆங்கிலம் அப்படி விடாது. அந்தப் பெயரே வேலையைச் செய்தால் வினையோடு 'இங்': 'த உமன் வாஷிங் த ஃபிஷ்'. வேலை அதன்மேல் நடந்தால் வினையின் மூன்றாம் வடிவம்: 'த ஃபிஷ் வாஷ்ட் பை ஹெர்'. அண்டா இரண்டும் இல்லை. நான் 'த டப் வாஷிங் த ஃபிஷ்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். அண்டாவே மீனைக் கழுவுகிறது என்று அர்த்தமாகிறது. இங்கே முழு வாக்கியம்தான் வழி: 'த டப் இன் விச் ஷீ வாஷ்ட் த ஃபிஷ்'. அந்த 'இன்' விழுந்துவிடாமல் பாருங்கள். கருவி, இடம் எது வந்தாலும் இதே கதை.

பென்சிலால் பெயருக்கு வட்டம், விளக்கத்துக்கு அடிக்கோடு போடுங்கள். பிறகு, 'இந்த வட்டம் அந்த வேலையைச் செய்ததா?' என்று கேளுங்கள். பிழை திருத்தும் ஆப் இப்போதைக்கு வேண்டாம். அது திருத்திவிடும், காரணம் மனசில் ஏறாது.

அதே கேள்வி வாக்கியத் தொடக்கத்துக்கும் உண்டு. 'நடந்து போகும்போது மழை பிடித்தது' தமிழில் சரி. 'வாக்கிங் ஹோம், த ரெயின் ஸ்டார்ட்டட்' என்றால் மழை நடக்கிறது. 'வாக்கிங் ஹோம், ஐ காட் வெட்' என்று எழுதுங்கள்.

'வந்தவர்கள்' என்பதற்கு 'தோஸ் ஹூ கேம்'. பிரதிப்பெயருக்கும் விளக்கம் பின்னால்தான்.

பின்சேர்க்கை: காற்புள்ளி பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். 'ராயபுரம் ஸ்டேஷன், விச் ஓப்பன்ட் இன் 1856, இஸ் ஸ்டில் இன் யூஸ்.' ராயபுரம் ஸ்டேஷன் ஒன்றுதான். வருஷம் கூடுதல் தகவல். அதனால் இருபுறமும் காற்புள்ளி, அங்கே தட் வராது. 'மை பிரதர், ஹூ வொர்க்ஸ் இன் எண்ணூர்' என்று நான் எழுதுவதும் அப்படித்தான். காற்புள்ளியை எடுத்தால் எனக்கு இன்னும் அண்ணன் தம்பிகள் இருப்பதாக ஆகிவிடும்.