'சவுண்ட்' என்பது நான்கு சொற்கள்: மொழிபெயர்க்க வருபவர்களுக்கு

மொழிபெயர்ப்புக்கு வந்த புதிதில், கேரளத்தின் தும்பா ராக்கெட் ஏவுதளத்தைப் பற்றிய ஒரு கட்டுரையில் 'சவுண்டிங் ராக்கெட்' என்று இருந்ததை 'ஒலி ராக்கெட்' என்று தமிழாக்கினேன். அச்சாகியும் விட்டது. சில வாரங்கள் கழித்து இயற்பியல் ஆசிரியர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. "1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து போன ராக்கெட் சோடிய ஆவியை வெளியிட்டு மேல்வளிமண்டலத்தை ஆராயப் போனது. அதில் ஒலி எங்கே வந்தது?" என்று கேட்டிருந்தார். அந்த அட்டையை இன்னமும் என் அகராதிக்குள் வைத்திருக்கிறேன். நான் அன்று தவறியது எங்கே என்று பிறகு உட்கார்ந்து தேடினேன். அந்தத் தேடலில் கிடைத்த முறையைத்தான் என்னிடம் வேலை பழக வருகிறவர்களுக்கு இப்போது சொல்லிக்கொடுக்கிறேன்.

முதலில், தெரிந்த சொல் என்று நினைப்பதை நிறுத்த வேண்டும். 'சவுண்ட்' நம் பேச்சில் ஒலியாகவே புழங்குகிறது. ரேடியோவில் சவுண்டைக் குறை என்கிறோம். அதனாலேயே அந்தச் சொல்லைக் கண்டதும் அகராதியைத் திறக்கக் கை எழுவதில்லை. கடினமான சொற்களில் நாம் தவறுவது குறைவு. பழகிய சொற்களில்தான் கவிழ்கிறோம்.

அகராதியைத் திறந்ததும் பொருளைப் படிக்காதீர்கள். தலைச்சொல்லின் தோள்மீது ஒரு சிறு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய ஆங்கில அகராதிகளில் 'சவுண்ட்' 1, 2, 3, 4 என்று தனித்தனியாக வரும். ஒரு பதிவுக்குள்ளே வரும் எண்கள் ஒரே சொல்லின் கிளைப் பொருள்கள். தோளில் உள்ள எண்ணோ இவை வெவ்வேறு சொற்கள் என்று அறிவிக்கிறது. நமக்கு இது புதிதன்று. 'திங்கள்' நிலவாகவும் மாதமாகவும் கிழமையாகவும் இருப்பது ஒரே மரத்தின் கிளைகள். மாமரத்தின் 'மா'வும், வேலி என்ற நில அளவில் இருபதில் ஒரு பங்கான 'மா'வும் அப்படியல்ல. எழுத்து ஒன்றாக இருப்பதைத் தவிர வேறு உறவு கிடையாது. நம் நிகண்டுகளில் 'ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி' என்று தனிப் பகுதியே உண்டு.

அடுத்து, பதிவின் கடைசியில் இருக்கும் வேர்க்குறிப்புக்குப் போங்கள். பலர் படிக்காமல் தாண்டுகிற வரி அது. நான் முதலில் படிப்பதே அதைத்தான்.

ஒலி என்ற 'சவுண்ட்' லத்தீனின் 'சோனுஸ்' பிரெஞ்சு வழியாக வந்தது. பழைய ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்தில் அது 'சூன்' என்றே இருந்தது. கடைசி 'ட்' பின்னால் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது 'சவுண்ட்' ஜெர்மானிய வழிச்சொல். ஜெர்மன் மொழியில் 'கெசுண்ட்' என்றால் நலமான என்று பொருள். அங்கே ஒருவர் தும்மினால் 'கெசுண்ட்ஹைட்' என்று வாழ்த்துகிறார்கள். நம் வீட்டில் குழந்தை தும்மினால் 'நூறு' என்று சொல்வதுபோல. இந்த வேரைத் தெரிந்துகொண்டால் ஒரு பெரிய குடும்பமே விளங்கிவிடும். 'சவுண்ட் ஸ்லீப்' என்பது அயர்ந்த உறக்கம். 'சவுண்ட் அட்வைஸ்' தக்க ஆலோசனை. 'சேஃப் அண்ட் சவுண்ட்' என்றால் பத்திரமாக, எந்தக் குறையும் இல்லாமல். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் உயில் எழுதுபவருக்கு 'சவுண்ட் மைண்ட்' வேண்டும் என்கிறது. நம் உயில்களில் 'தெளிந்த புத்தியுடன்' என்று எழுதுவது இதையே. தமிழில் ஒவ்வோர் இடத்திலும் வேறு சொல் விழுகிறது, விழவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் 'நல்ல' என்று போட்டுவிட்டுப் போகிறவர்களிடம் எனக்குக் கோபம் வரும். பழுதில்லாமை என்ற ஒற்றை இழையைப் பிடித்துக்கொண்டு, அந்த இடத்துக்கு எது பொருந்துகிறது என்று தேடுங்கள்.

மூன்றாவது, நீர்ப்பரப்பு. பழைய நார்ஸ் மொழியில் 'சுண்ட்' என்றால் நீந்துதல். நீரிணை என்றும் பொருள். டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடையே உள்ள ஓரேசுண்ட், அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் எல்லாம் இந்த வகை. இடப்பெயராக வந்தால் மொழிபெயர்க்காமல் அப்படியே விடுங்கள். தேவைப்பட்டால் 'கடற்கால்' என்று சேர்த்துக்கொள்ளலாம்.

நான்காவதுதான் என்னைக் கவிழ்த்தது. ஆழம் அளத்தல் என்று பொருள். பிரெஞ்சு 'சொந்தே'யிலிருந்து வந்தது. அதற்கும் முந்திய வேர் லத்தீனா, ஜெர்மானியமா என்பதில் அறிஞர்களிடையே இரு கருத்து உண்டு. கயிற்றின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டிக் கடலில் இறக்குவார்கள். குண்டின் அடிக்குழியில் கொழுப்பைத் தடவியிருப்பார்கள். தரையில் இருப்பது மணலா, சேறா, சிப்பியா என்பது அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். ஆழத்தோடு அடித்தரையின் தன்மையும் மாலுமிக்குத் தெரிந்துவிடும். திமிங்கிலம் ஆழத்தில் மூழ்குவதற்கும் இதே சொல்தான். கடலை அளந்த அந்தச் சொல்லே பிறகு வானத்தை அளக்கவும் ஏறியது; 'சவுண்டிங் ராக்கெட்' அதன் பேரன். இப்போது நான் 'வளிமண்டல ஆய்வு ராக்கெட்' என்று எழுதுகிறேன். ஒருவரின் மனதை மெல்ல அறிய முயல்வதையும் ஆங்கிலத்தில் இதே வினையால் சொல்வார்கள். நாமும் 'ஆழம் பார்க்கிறான்' என்றுதானே சொல்கிறோம்! இரண்டு மொழிகளும் ஒரே படகில் உட்கார்ந்து யோசித்தது போன்ற இத்தகைய இடங்களை நான் பென்சிலால் கட்டம் கட்டி வைப்பேன்.

வாக்கியத்தில் எந்தச் 'சவுண்ட்' வந்திருக்கிறது என்று அறிய, நான்கு கேள்விகள் போதும். காதில் விழுகிறதா? பழுதில்லாமல் இருக்கிறது என்கிறார்களா? நீர்ப்பரப்பா? அளக்கிறார்களா? ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் வைத்து உரக்கப் படியுங்கள். ராக்கெட்டுக்கு இந்தச் சோதனையைச் செய்திருந்தால் நான் முதல் கேள்வியிலேயே நின்றிருக்க மாட்டேன். ஏனென்றால் அந்தக் கட்டுரையின் அடுத்த வரியிலேயே 'அளவீடு' என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. பக்கத்து வரிகளையும் சேர்த்துப் படியுங்கள்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வேரை மேலே எழுதி, நீங்களே படித்த வாக்கியங்களைக் கீழே எழுதுங்கள். அகராதி தரும் எடுத்துக்காட்டுகளை நகல் எடுப்பதில் பயன் இல்லை. நீங்கள் தடுக்கிய வாக்கியம்தான் நினைவில் நிற்கும்.

இரண்டாவது பக்கத்துக்கு 'பவுண்ட்' (bound) என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லை, துள்ளல், கட்டுண்ட நிலை, ஓரிடத்தை நோக்கிய பயணம் என்று அதிலும் நான்கு. அவற்றில் ஒன்றில் 'சவுண்ட்' போலவே பின்னால் ஒட்டிய 'ட்' இருக்கிறது. எதில் என்று வேர்க்குறிப்பில் தேடிப் பாருங்கள்.