தோடர் மந்துக்குப் போகிறீர்களா? இவற்றைத் தவிருங்கள்

மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறும் கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டு வண்டிகளில் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான்: தாவரவியல் பூங்கா, போட் ஹவுஸ், ஊட்டி வர்க்கி, நேரம் மிஞ்சினால் தோடர் குடிசை. நீலகிரியின் பழங்குடிகளான தோடர்களை ஊட்டியில் பார்க்க வேண்டிய அயிட்டங்களில் ஒன்றாகச் சேர்த்துவிடுவதுதான் முதல் தவறு. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலைக்கு வந்தபோது அங்கே ஊட்டி என்ற நகரமே இல்லை. தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளி இருந்தது. 1822-இல் அவர் எழுப்பத் தொடங்கிய கல் பங்களா, அவர்களிடம் வாங்கிய நிலத்தில் நின்றது. பூங்கா வந்தது 1848-இல். பூங்காவுக்கு மேலே இருக்கும் மந்து என்ற தோடர் குடியிருப்பைப் பூங்காவின் ஓர் அங்கமாக நினைத்து உள்ளே நுழைகிறோம். அது மனிதர்கள் குடியிருக்கும் ஊர்.

அடுத்த தவறு, அரைப்பீப்பாய் வடிவக் கூரையைக் கண்டதும் ஓடிப்போய் வாசலில் உட்கார்ந்து செல்ஃபி எடுப்பது. இன்று பெரும்பாலான தோடர்கள் காரை வீடுகளில் வாழ்கிறார்கள். பழைய வடிவில் புல் வேய்ந்து நிற்பது பெரும்பாலும் கோயில். எருமைப் பாலைக் கடைந்து சடங்கு செய்யும் பால்மடம் அது. தோடப் பெண்களே அதற்குள் போவதில்லை. முத்தநாடு மந்தில் இருக்கும் கூம்பு வடிவக் கோயிலுக்கும் இதே மரியாதைதான். நம் குலதெய்வக் கோயில் கருவறைப் படியில் வெளியூர்க்காரர் காலை நீட்டி உட்கார்ந்தால் சும்மா விடுவோமா?

சால்வை வாங்குவதில்தான் ஏமாற்றம் அதிகம். பூத்துக்குளி என்ற தோடர் சால்வை, வெள்ளைப் பருத்தித் துணியில் தோடப் பெண்கள் சிவப்பு, கறுப்பு நூலால் பூவேலை போட்டது. படம் வரைந்துகொள்வதும் இல்லை, சட்டம் மாட்டுவதும் இல்லை. துணியின் இழையை எண்ணி எண்ணித்தான் ஊசி போகிறது. ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் ஆகும். இதற்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைவீதியில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது பெரும்பாலும் மெஷின் வேலை அல்லது அச்சு. துணியைத் திருப்பிப் பாருங்கள். கைவேலையில் இரண்டு பக்கமும் போர்த்தக்கூடியதாக இருக்கும். நாம் பின்பக்கம் என்று நினைக்கும் மேடுதட்டிய பக்கத்தைத்தான் தோடர்கள் வெளியே தெரியப் போர்த்துகிறார்கள். தைத்தவரிடமே நேரில் வாங்குவது நல்லது. அங்கே போய்ச் சந்தையில் தக்காளிக்குப் பேசுவது போல் பேரம் பேச வேண்டாம்.

துணியையும் தோடர்களே நெய்கிறார்கள் என்று எழுதுகிறார்கள். நெசவு அவர்கள் தொழில் இல்லை. துணி கீழ்நாட்டுத் தறியிலிருந்து மேலே போவது. மலைக்கும் கொங்குச் சமவெளிக்கும் உள்ள உறவைப் பேசுகிறவர்கள் ரயிலையும் தேயிலையையும் சொல்வார்கள், இதை விட்டுவிடுவார்கள்.

மலையில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே கூட்டம் என்று நினைப்பது இன்னொன்று. தோடர் எருமை வளர்த்தார்கள், கோத்தர் இரும்பு அடித்தார்கள், பானை வனைந்தார்கள், சாவு வீடுகளுக்கு வாசித்தார்கள், படுகர் உழுதார்கள், குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் கொடுத்தார்கள். பாலும் தானியமும் கத்தியும் கைமாறிய ஏற்பாடு அது. படுகர் இன்றைக்குப் பழங்குடிப் பட்டியலில் இல்லை, அந்தக் கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. கோத்தகிரிக்கு வாரம் தவறாமல் போகிறவர்களுக்குக்கூடப் பக்கத்திலேயே கோத்தர் ஊர் இருப்பது தெரியாது.

தோடர்கள் கிரேக்கத்திலிருந்து வந்தார்கள், இஸ்ரேலின் தொலைந்த கூட்டம் என்று சில வழிகாட்டிகள் அவிழ்த்துவிடும் கதைகளை நம்பாதீர்கள். தோட மொழி தமிழைப் போலவே தென்திராவிட மொழி, கோத்த மொழிக்கு நெருங்கிய உறவு.

கண்ணுக்குப் பச்சையாக இருப்பதெல்லாம் காடு என்று எண்ணுவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேயிலையும் தைலமரமும் வாட்டில் மரமும் நிற்கிற இடங்களில் பல, ஒரு காலத்துப் புல்வெளி. மேய்ச்சல் சுருங்கியதோடு, கோயில் கூரை வேயும் புல்லும் அரிதாகிவிட்டது.

யாராவது வீட்டுக்கு அழைத்தால் கையில் பிரியாணிப் பொட்டலத்தோடு போகாதீர்கள். தோடர்கள் மரபாகவே கறி உண்ணாதவர்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். இன்னும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போக ஆசையிருந்தால், ஊட்டியை அடுத்த முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. போட் ஹவுஸ் க்யூவில் நிற்கிற நேரத்தில் அங்கே போய்வந்துவிடலாம்.