களிமண் பூமியில் பேவர் பிளாக் வாசல்: ஐப்பசி மழைக்கு அமுங்காமல் போடுவது எப்படி?

புதிதாகப் போட்ட பேவர் பிளாக் வாசலில், கார்த்திகை முடிவதற்குள் டயர் ஓடும் இரண்டு தடமும் பள்ளமாகிவிட்டால் முதல் திட்டு கல் விற்றவருக்குத்தான் விழும். பெரும்பாலும் கல்லில் குற்றமில்லை. அடியில் இருப்பது நம்மூர்க் களி. நனைந்தால் உப்பும், சித்திரையில் சுருங்கி விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். வெளிநாட்டு வீடியோக்களில் வேறு கதை சொல்வார்கள்: அடித்தளத்தில் தேங்கிய நீர் குளிரில் உறைந்து, சுமார் 9 சதவீதம் விரிந்து கல்லைத் தூக்கிவிடும் என்று. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் உறைபனிக்கு வேலை இல்லை. ஆனால் கல்லுக்கு அடியில் தண்ணீர் தங்கக்கூடாது என்ற விதி இங்கேயும் அப்படியே பொருந்தும்.

கீழே உள்ள அளவுகள் 10 அடி அகலம், 30 அடி நீளம், அதாவது 300 சதுர அடிக்கு. கார், பைக் மட்டும் வந்துபோகும் வாசல்.

1. மண்ணைச் சோதியுங்கள்

ஓர் அடி ஆழத்திலிருந்து மண் எடுத்துக் காயவைத்து, பொடித்துச் சலியுங்கள். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளரில் ஒரே அளவு போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றிக் கிளறி விடுங்கள். மறுநாள் படிந்த உயரத்தைப் பாருங்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது. தண்ணீர் டம்ளரில் அதைவிடப் பாதிக்கு மேல் உயர்ந்திருந்தால், அது நன்றாக உப்பும் மண். இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால் மணல் கலந்த படுகை மண். உங்களுக்கு வேலை பாதி குறைந்தது.

2. எப்போது தொடங்குவது

தை பிற்பகுதி முதல் பங்குனி வரை. வெடித்துக் கிடக்கும் கோடை மண்மேல் தளம் போட்டால், மழையில் அது உப்பிக் கல்லைத் தூக்கும். சேறாக இருக்கும்போது போட்டால், வெயிலில் சுருங்கி இறங்கும்.

3. மட்டம்

இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தண்ணீர் ஓட அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். 30 அடி நீளத்துக்கு 7½ அங்குலம். ஆனால் ரோட்டை மேலே மேலே போட்டு உயர்த்தியிருப்பதால், பல வீடுகளில் கேட் பக்கம்தான் மேடு. அங்கே ரோட்டை நோக்கிச் சரிவு வைக்க முடியாது. அகலவாக்கில், வீட்டுச் சுவருக்கு எதிர்ப்பக்கமாக 2½ அங்குலம் சரித்து, அந்த ஓரத்தில் சின்ன வாய்க்கால் எடுத்து வடிகாலில் சேருங்கள். தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் வைத்துப் பார்த்து முளையடித்து நூல் கட்டுங்கள். கண்மட்டம் நம்ப வேண்டாம்.

4. தோண்டுதல்

ஜல்லி அடித்தளம் 8 அங்குலம், மணல் 1, கல் 2½. மொத்தம் 11½ அங்குலம். இத்தனையையும் தோண்டித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. வாய்க்காலின் அடி, தோண்டிய பள்ளத்தின் அடியைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். அப்படி வழியில்லை என்றால் வேரும் மேல்மண்ணும் போகும் அளவுக்கு மட்டும் தோண்டி, மீதியை உயர்த்திப் போடுங்கள். இல்லாவிட்டால் களிக்குள் ஒரு தொட்டி கட்டியதாகிவிடும். மழைநீர் ஜல்லியில் இறங்கி அங்கேயே நிற்கும்.

மோசமான களி என்றால் அடிமண்ணில் 6 அங்குல ஆழத்துக்கு நீற்றிய சுண்ணாம்புத் தூள், சதுர அடிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கலக்கலாம். மண்வெட்டியால் களியைப் பொடிப்பது நடக்கிற காரியமில்லை. டிராக்டர் நுழைய இடமிருந்தால் வயலுக்கு வரும் ரொட்டவேட்டரையே ஓட்டுங்கள். லேசாக நனைத்து ஒருநாள் விட்டுப் பிறகு இறுக்குங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து; கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடக்கூடாது. களிமண்ணை இறுக்கக் குதித்துக் குத்தும் ராம்மர் மெஷின்தான் சரி, தட்டை அதிரவைத்து இறுக்கும் பிளேட் மெஷின் போதாது. அது ஜல்லிக்கும் கல்லுக்கும்தான்.

5. ஓரக் கட்டு

கல் பக்கவாட்டில் நகர்ந்தால் இடைவெளி விரியும், மணல் இறங்கும், பிறகு தண்ணீர் தாராளமாகப் போகும். ஆகவே இரண்டு பக்கமும் கேட் ஓரமும் சேர்த்து 70 அடிக்கு, 6 அங்குல அகலம், 12 அங்குல ஆழத்தில் 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட். சிமெண்ட் 6 முதல் 7 மூட்டை ஆகும். பள்ளப் பக்கம் 4 அடிக்கு ஒன்றாக, அடிமட்டத்தில் ஓர் அங்குல பிவிசி துண்டு வைத்து நீர் வெளியேற வழிவிடுங்கள். ஏழு நாள் தண்ணீர் ஊற்றுங்கள்.

6. துணியும் ஜல்லியும்

தோண்டிய தரைமேல், தண்ணீரை விட்டு மண்ணை மட்டும் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, இணைப்பில் ஓர் அடி மேலேறவும், பிவிசி துண்டுகளின் வாயை மூடவும் விடுங்கள். ‘இது எதுக்கு தண்டச் செலவு’ என்று மேஸ்திரி கேட்பார். துணி இல்லாவிட்டால் ஈரக் களி பிதுங்கி ஜல்லிக்குள் ஏறும், ஜல்லி களிக்குள் இறங்கும். பள்ளத்தின் பாதி காரணம் அதுதான்.

அதன்மேல் கிரஷரிலிருந்து வெட் மிக்ஸ் (ஜல்லியும் தூளும் தண்ணீர் சேர்த்துக் கலந்தது), 2½ யூனிட், அதாவது 250 கன அடி. ஒரே தடவையில் கொட்டி மேலே மட்டும் தட்டினால் அடி இளகியே இருக்கும். 4 அங்குலமாகப் பரப்பி, லேசாக நனைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் மூன்று நான்கு முறை மெஷின் ஓட்டுங்கள். சரிவை இங்கேயே கொண்டுவர வேண்டும்; பின்னால் மணலால் சரிக்கட்ட முடியாது.

7. மணல்

கான்கிரீட்டுக்குப் போடும் எம்-சாண்ட், சுமார் 40 கன அடி. கிரஷர் டஸ்ட் வேண்டாம், அதன் நைஸ் தூள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டஸ்டில் சிமெண்ட் கலந்து போடும் பழக்கமும் வேண்டாம். களி அசையும்போது அந்த இறுகிய படலம் உடைந்து, கல் ஆடத் தொடங்கும். இரண்டு ஓர் அங்குல ஜிஐ பைப்பைத் தரையில் கிடத்தி, நடுவில் மணல் கொட்டி, நேரான அலுமினியச் சட்டத்தால் இழுத்தால் ஒரே கனம் கிடைக்கும். அந்தப் பைப்பின் வெளிவிட்டம் 33 மி.மீ.; இறுகியதும் ஓர் அங்குலம் நிற்கும். இழுத்த மணலில் கால் வைக்காதீர்கள்.

8. கல்

காருக்கு 60 மி.மீ. கனம், நெல் ஏற்றிய டிராக்டரோ லாரியோ வந்தால் 80 மி.மீ. காய்ந்த கல்லை எடைபோட்டு, ஒருநாள் ஊறவைத்துத் துடைத்து மறுபடி எடை பாருங்கள். 4 கிலோ கல்லில் 240 கிராமுக்கு மேல் ஏறினால் வாங்காதீர்கள். 5 சதவீதம் கூடுதலாக எடுங்கள். நேர்வரிசை டயர் திருப்பத்தில் நகரும். ஜிக்ஜாக் கல்லோ, செவ்வகக் கல்லை எல் வடிவில் கோத்தோ போடுங்கள். இடைவெளி 2 முதல் 4 மி.மீ.

முதலில் மெஷினுக்கு அடியில் ரப்பர் பாய் கட்டி ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு நன்கு காய்ந்த நைஸ் மணலைப் பெருக்கி நிரப்பி, மீண்டும் ஓட்டி, மீண்டும் நிரப்புங்கள். ஈர மணல் வாயிலேயே அடைத்துக்கொண்டு உள்ளே வெற்றிடம் விடும்.

மழைக்கு முன்

புரட்டாசியில் வாய்க்காலையும் பிவிசி துண்டுகளையும் சுத்தம் செய்து, குறைந்த இடைவெளிகளில் மணல் நிரப்புங்கள். எறும்பு தள்ளும் மணல்தான் சீக்கிரம் குறையும். கல் அரை அங்குலம் இறங்கியிருந்தால் இரண்டு ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து மணலைச் சரிசெய்யலாம். அதற்கு மேல் என்றால் ஜல்லி வரை பிரித்துப் பாருங்கள். ஓரக் கட்டை ஒட்டி ஓட்டை தெரிகிறதா என்றும் கவனியுங்கள். வயலை ஒட்டிய வீடுகளில், தண்ணீர் ஏறியதும் எலி மேட்டுக்குத்தான் வரும். வளை தோண்டினால் மணல் அந்த வழியாகவே இறங்கும்; அங்கே கல்லை எடுத்து, வளையை ஜல்லி போட்டுக் குத்தி நிரப்பிவிட்டுத்தான் மறுபடி மணல் போட வேண்டும்.