உங்க கார் பனியில எப்படி ஓடும்னு நீங்களே கண்டுபிடிக்கறது எப்படி?

ஸ்னோ விழுற இடத்துக்குப் புதுசா வந்தவங்க முதல்ல கேக்கறது "ஆல் வீல் டிரைவ் (நாலு சக்கரத்தையும் சுத்தற) கார் வாங்கணுமா?"ங்கறதுதான். அதுக்கு முன்னாடி கையில இருக்கற கார் எப்படின்னு இந்த வரிசையில பாத்துடுங்க, பாதி பேருக்கு புது காரே தேவைப்படாது.

படி 1: எஞ்சின் எந்தச் சக்கரத்தைச் சுத்துது?

மேனுவல்ல போட்டிருக்கும். ஃப்ரண்ட் வீல் டிரைவ்னா (முன் சக்கரம் மட்டும் சுத்தறது) எஞ்சின் வெயிட் இழுக்கற சக்கரத்து மேலயே இருக்கு, அதனால சின்ன ஹேட்ச்பேக் கூட பனியில நல்லாவே கிளம்பிடும், ஆனா வளைவுல வேகமா போனா திரும்பாம நேரா வழுக்கிட்டுப் போகும். அப்போ ஸ்டியரிங்க இன்னும் ஒடிக்காம ஆக்ஸிலரேட்டர்ல இருந்து கால மெதுவா எடுங்க.

ரியர் வீல் டிரைவ் (பின் சக்கரம் மட்டும் சுத்தறது), அதுலயும் காலி பிக்கப் வண்டின்னா, கொஞ்சம் அழுத்தினாலே பின்பக்கம் வீசும். எந்தப் பக்கம் வீசுதோ அதே பக்கம் ஸ்டியரிங்க திருப்பணும், பிரேக்க தொடவே கூடாது.

ஆல் வீல் டிரைவ் (சுபாரு, ஆடி குவாட்ரோ மாதிரி) மேட்டுல கிளம்பறதுக்கு அருமை. ஆனா பிரேக் எல்லா கார்லயும் நாலு சக்கரத்துலயும்தான் இருக்கு, அதனால நிக்கற விஷயத்துல இந்த வண்டிக்கு எந்த சலுகையும் கிடையாது. ஈசியா கிளம்பிடுச்சேன்னு ரோடு நல்லாயிருக்குன்னு நெனச்சு வேகம் ஏத்தறதுதான் பெரிய ஆபத்து.

எலக்ட்ரிக் கார்னா ஒண்ணு கவனிங்க, கால எடுத்தவுடனே மோட்டாரே வேகத்தைக் குறைக்குமில்லையா, பின் சக்கரம் மட்டும் சுத்தற வண்டியில அதுவே பின்பக்கத்தை வழுக்க வெச்சிடலாம், செட்டிங்ல குறைச்சு வைக்க வழி இருந்தா குறைச்சிடுங்க.

படி 2: டயரைப் பாருங்க (இதுதான் முக்கியம்!)

நான் அடிச்சுச் சொல்வேன், சம்மர் டயர் போட்ட ஆல் வீல் டிரைவ விட நல்ல விண்டர் டயர் போட்ட ஃப்ரண்ட் வீல் டிரைவ்தான் பனியில நம்பி ஓட்டக்கூடிய வண்டி. சம்மர் டயர் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழ போகப் போக இறுகி ரோட்டைப் பிடிக்கறது குறையும், விண்டர் டயர் அந்தக் குளிர்லயும் மெத்துனு இருக்கும், அதோட ரோட்டைத் தொடற பட்டையில குட்டி குட்டியா கீறல் நிறைய இருக்கும், அதுதான் பனியைக் கவ்வுறது.

டயர் பக்கவாட்டுல மூணு சிகரம் இருக்கற மலையும் அதுக்குள்ள ஒரு பனித்துகள் படமும் இருக்கான்னு பாருங்க, அது பனியில டெஸ்ட் பண்ணிப் பாஸான டயர்னு அர்த்தம். வெறும் எம் பிளஸ் எஸ் (M+S, அதாவது சேறும் பனியும்னு ஒரு குறி) மட்டும் இருந்தா அப்படி டெஸ்ட் ஆகியிருக்கணும்னு கட்டாயமில்ல. பட்டை ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழ போயிட்டா மாத்திடுங்க. தயவுசெஞ்சு நாலையும் மாத்துங்க, முன்னாடி ரெண்டு மட்டும் போட்டா பின்பக்கம் பிடி இல்லாம சுத்திக்கும். குளிர்ல காத்தும் குறையும், அதையும் செக் பண்ணுங்க.

படி 3: அடிப்பக்க உயரம்

வண்டிக்கு அடியில இருக்கற இடைவெளிய விட பனி உயரமா இருந்தா அடிப்பக்கம் பனி மேல ஏறி உக்காந்துக்கும், சக்கரம் சும்மா சுத்தும். எஸ்யூவிக்கு நிஜமாவே உபயோகம் இங்கதான். மாட்டிக்கிட்டா எஞ்சின ஓடவிட்டு உள்ள உக்காராதீங்க, முதல்ல புகைக்குழாய்கிட்ட இருக்கற பனிய தள்ளுங்க, அது அடைச்சா கார்பன் மோனாக்ஸைடு உள்ள வந்துடும், உயிருக்கே ஆபத்து. அப்புறம் டிராக்ஷன் கன்ட்ரோல (சக்கரம் சும்மா சுத்தாம தடுக்கற சிஸ்டம்) கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணி மெதுவா முன்ன பின்ன நகர்த்தி வெளிய எடுங்க, வந்ததும் மறக்காம ஆன் பண்ணிடுங்க.

படி 4: காலி கிரவுண்டுல ஓட்டிப் பாருங்க

ஆளே இல்லாத, கம்பம் எதுவும் இல்லாத பெரிய பார்க்கிங் இடமா பாத்து 20 கிலோமீட்டர் வேகத்துல போய் பிரேக்க நல்லா அழுத்துங்க. பெடல் கடகடன்னு அதிரும், அது ஏபிஎஸ் (பிரேக் போடறப்ப சக்கரம் லாக் ஆகாம தடுக்கற சிஸ்டம்) வேலை செய்யுதுன்னு அர்த்தம், பயந்து கால எடுத்துடாதீங்க, அப்படியே அழுத்திட்டு ஸ்டியரிங்க லேசா திருப்பிப் பாருங்க, வண்டி திரும்பும். எவ்வளவு தூரம் தள்ளி நின்னுச்சுன்னு எறங்கி நடந்து அளந்துக்கோங்க, ஏன்னா அதே பனியில 40ல போனா அந்தத் தூரம் ரெண்டு மடங்கு ஆகாது, கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆகும்.