தனிக்கல உயிரியில் ஒடுக்கற்பிரிவுப் பரம்பரையலகைத் தேடும் முறை

யாழ்ப்பாணத்துப் பனங்கள்ளு முட்டியில் நுரை தள்ளுவது மதுவத்தின் (ஈஸ்ட்) வேலை. முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் அது பெருகாது, கருப்பநீர் இனிப்பாகவே இருக்கும். சாப்பாடு இருக்கும்வரை மதுவம் அரும்பிப் பெருகும். நைதரசனும் குளுக்கோசும் தீர்ந்தால்தான் இருமடியக் கலம், நிறமூர்த்த எண்ணிக்கையைப் பாதியாக்கும் ஒடுக்கற்பிரிவுக்குள் போய் நான்கு வித்திகளை உண்டாக்கும். அதற்கு உதவும் பரம்பரையலகுகள் (ஜீன்கள்) மற்றத் தனிக்கல உயிரிகளிலும் உண்டா? உயர்தர உயிரியலும் இணைய வசதியும் இருந்தால் நீங்களே தேடலாம்.

படி 1: என்சிபிஐ என்ற உயிரியல் தரவுத் தளத்தில், ஒடுக்கற்பிரிவில் மட்டும் வேலைசெய்யும் டிஎம்சி1 என்ற புரதத்தின் மதுவ வரிசையை எடுங்கள்; 334 அமினோ அமிலங்கள். டிஎன்ஏ வரிசை வேண்டாம். தூரத்து உறவில் அது மாறிப்போயிருக்கும், புரதத்தில் ஒற்றுமை இன்னும் தெரியும்.

படி 2: அதை, ஒத்த வரிசைகளைத் தேடித்தரும் பிளாஸ்ட் புரதத் தேடலில் ஒட்டி, உயிரியாக ஜியார்டியாவைத் தெரிவுசெய்யுங்கள். வயிற்றோட்டம் தரும் இந்த ஒட்டுண்ணிக்குப் பாலினப் பெருக்கம் இல்லை என்றே நெடுநாள் நம்பினார்கள்.

படி 3: இங்கே அவசரப்படாதீர்கள். டிஎம்சி1 க்கு ஆர்ஏடி51 என்றொரு கூடப்பிறப்பு உண்டு. அது சாதாரணக் கலத்திலும் டிஎன்ஏயைத் திருத்தும். தற்செயலாக இப்படி எத்தனை பொருத்தம் வரலாம் என்று காட்டும் ஈ (E) பெறுமானம் இரண்டுக்கும் மிகச் சிறிதாகவே வரும். முதன்முறை நான் அதை மட்டும் நம்பி ஒன்றை மற்றதென்று குறித்துவிட்டேன். கிடைத்த வரிசையைத் திருப்பி மதுவத்தில் தேடுங்கள், எது முதலில் வருகிறது என்று பாருங்கள். பிறகு இரு குடும்பங்களையும் சேர்த்து, உறவைக் காட்டும் கிளைமரம் வரையுங்கள். 2005இல் ரமேஷ், மாலிக், லாக்ஸ்டன் மூவரும் ஜியார்டியாவில் இரண்டு டிஎம்சி1 கண்டார்கள், ஆர்ஏடி51 இல்லை. டிஎம்சி1 கிடைக்காவிட்டாலும் ஒடுக்கற்பிரிவு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள், பழ ஈ அது இல்லாமலே அதைச் செய்கிறது.

படி 4: குளஸ்டல் ஒமேகா என்ற இணையக் கருவியில் வரிசைகளை நேருக்கு நேர் அடுக்குங்கள். மதுவத்திலும் மனிதரிலும் ஓரிடத்தில் கிளைசின், குளுட்டமேற்று, பினைல்அலனின், ஆர்ஜினின் என்று வந்து, ஓர் அமினோ அமிலம் மாறி, மறுபடி கிளைசின், லைசின் வரும். ஏடிபியைப் பிடிக்கும் இடம் அது.

படி 5: வரிசை இருப்பது வேறு, வெளிப்படுவது வேறு. ஆர்என்ஏ தரவில் வளரும் கலத்தையும் பட்டினிக் கலத்தையும் ஒப்பிடுங்கள். மதுவத்தில் ஒடுக்கற்பிரிவைத் தொடக்கும் ஐஎம்இ1 பரம்பரையலகு பட்டினியில்தான் முழுமையாக விழிக்கும். ஜியார்டியாவில் இந்த வகைப் பரம்பரையலகுகள் சிறைப்பையில் (உறையிட்ட ஓய்வு நிலையில்) வெளிப்படுவதை 2008இல் காட்டினார்கள்.

அடுத்து, ஒடுக்கற்பிரிவில் டிஎன்ஏயை வெட்டும் எஸ்பிஓ11 புரதத்தை எடுங்கள். மதுவத்தில் அதன் 135ஆவது தைரோசினுக்கு நேரே உங்கள் உயிரியில் என்ன இருக்கிறதென்று பாருங்கள். டிஎன்ஏயை வெட்டுவது அந்த அமினோ அமிலந்தான்.